தோள் மாற்றும் வேளை

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி இரவு, 'மாண்டஸ்' என்று பெயர் சூட்டப்பெற்ற புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அன்றிரவு நானும் அந்த ஊரில்தான் இருந்தேன். புயலைப் பார்க்கப் போனவன் அல்ல நான். ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தை அமைதியாக உட்கார்ந்து முடிக்கலாம் என்று போனவன். அத்தியாயம் முடியவில்லை, அமைதியும் கிடைக்கவில்லை. ஆனால் வேறொரு கதை கிடைத்தது.

நான் தங்கியிருந்த விடுதியில் இரண்டு ஜெனரேட்டர்கள் இருந்தன. தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்ன யந்திரங்கள். ஒன்று மூன்று கிலோவாட் சுமக்கும், மற்றது இரண்டு. வெவ்வேறு கம்பெனிச் சரக்கு. சாயங்காலமே ஊர் மின்சாரம் நின்றுவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்குக் குழாயில் தண்ணீரும் நின்றது. பெரிய யந்திரத்தின்மேல் விளக்கு, மின்விசிறி, குளிர்ப்பெட்டி என்று ஏற்கெனவே பாரம் ஏற்றியிருந்தார்கள். கிணற்று மோட்டாரைப் போட்டதும் அது முக்கி முனகிப் படுத்துவிட்டது.

மானேஜர் இளைஞர்; காரியத்தில் கெட்டிக்காரர். "மூணும் ரெண்டும் அஞ்சு. ரெண்டையும் சேர்த்துக் கட்டிட்டா மோட்டார் தானா ஓடும்" என்றார். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒரு வயரையும் தயார் செய்து வைத்திருந்தார். ஒரு முனையை இந்த யந்திரத்தில் செருக வேண்டும். மறு முனையை அந்த யந்திரத்தில். கூட்டல் கணக்கு சரியாகத்தான் தோன்றியது. எனக்குத் தோன்றியதில் அதிசயமில்லை, இண்டர்மீடியட்டில் பௌதிகத்தை நான் பாஸ் செய்தது என் வாத்தியாருக்கே ஆச்சரியம்.

விடுதியின் ஒயர்மேன் அறுபதைத் தாண்டியவர். மழைக்குக் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றவர், வயரை வாங்கிப் பார்த்தார். ஒரு முனையை மட்டும் கத்தரித்துத் தம் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னா தாத்தா, இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று மானேஜர் பதறினார்.

"ரெண்டும் ஒரே தாளத்துல ஓடலை தம்பி. சேர்த்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கும். அது போகட்டும், ஒரு முனை செருகினதும் இன்னொரு முனை உன் கையில இருக்குமே, அதுல கரண்டு நிக்கும். அந்தப் பித்தளைக் காலைத் தொட்டா நீ நிக்கமாட்டே."

பிறகு அவர் செய்தது மிகவும் எளிய காரியம். விளக்கையும் விசிறியையும் சின்ன யந்திரத்துக்கு மாற்றினார். குளிர்ப்பெட்டியை நிறுத்தினார். பெரிய யந்திரத்தை மோட்டாருக்கென்று தனியாக ஒதுக்கினார். அரைமணி நேரத்தில் தொட்டி நிறைந்துவிட்டது. சேர்க்காமலே காரியம் முடிந்தது.

அவர் சொன்ன 'தாளம்' என்ற சொல் மட்டும் என்னை விடவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு புத்தகங்களைப் புரட்டியும், தெரிந்த எஞ்சினியர்களை நச்சரித்தும் நான் தெரிந்துகொண்ட சரித்திரத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் வீட்டுக்கு வருகிற மாறு மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை. விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. ஓர் அலைக்கு ஆகும் காலம் ஒரு விநாடியில் 50-இல் ஒரு பங்கு. இரண்டு யந்திரங்களைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டின் வோல்ட்டும் சமமாக இருக்க வேண்டும். வேகமும் சமமாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. ஒன்றின் அலை உச்சியில் இருக்கும் அதே கணத்தில் மற்றதன் அலையும் உச்சியில் இருக்க வேண்டும்.

மாமல்லபுரத்து ஸ்தலசயனப் பெருமாள் வீதி உலாப் போகும்போது ஸ்ரீபாதம் தாங்கிகளைக் கவனித்திருக்கிறீர்களா? களைத்தவரை விடுவிக்க வருகிறவர் ஓடிவந்து தண்டின் அடியில் தோளைக் கொடுத்துவிடமாட்டார். பக்கத்திலேயே நாலடி நடப்பார். இடது காலுக்கு இடது கால், வலதுக்கு வலது என்று நடை ஒத்துப்போன பிறகுதான் தோளைக் கொடுப்பார். நடை தப்பித் தோள் கொடுத்தால் பெருமாள் ஆடிப்போவார், தோள்பட்டையும் பிசகும்.

யந்திரத்தில் பிசகுவது இன்னும் கடுமை. ஒன்று உச்சியிலும் மற்றது பள்ளத்திலும் இருக்கும்போது சேர்த்தால், இடையில் நிற்கும் அழுத்தம் 230 அல்ல, அதன் இரட்டிப்பு. தடுப்பதற்குச் செப்புச் சுருளைத் தவிர வேறொன்றும் இல்லை. சுருள் கருகலாம், பெரிய யந்திரமானால் அச்சே முறுக்கிக்கொண்டு ஒடியலாம்.

இந்தப் பயத்தினால்தான் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பல மின்நிலையங்கள் யந்திரங்களைச் சேர்க்காமலே காலம் தள்ளின. ஒரு யந்திரத்துக்குச் சில தெருக்கள், இன்னொன்றுக்கு வேறு தெருக்கள். யந்திரத்தை மாற்ற வேண்டுமானால் அந்தத் தெருக்களின் விளக்குகள் ஒரு முறை கண்ணை மூடித் திறக்க வேண்டியதுதான்.

இந்தப் பயத்தைத் தெளிவித்த பரிசோதனை நடந்த இடம் ஒரு கலங்கரை விளக்கம். மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி குகையின் தலைமேல் நிற்கும் ஓலக்கண்ணேசுவரர் கோயிலும் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாக வேலை பார்த்ததுதான். சிவன் கோயில் உச்சியில் கப்பலுக்கு விளக்கு வைத்த அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்கு அருகே சவுத் ஃபோர்லாண்ட் என்ற கலங்கரை விளக்கத்தில் மின்சாரத்தைப் பரீட்சை செய்துகொண்டிருந்தார்கள். 1858 டிசம்பரிலேயே அங்கே மின்விளக்கு எரிந்துவிட்டது. அந்த வேலைக்கு யோசனை சொன்னவர்களில் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர்.

1868-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஹென்றி வைல்ட் என்பவர் ஒரு விந்தையைக் கண்டார். இரண்டு மாறு மின்சார யந்திரங்களைப் பிணைத்தால் அவை தாமாகவே ஒரே நடைக்கு வந்துவிடுகின்றன என்பதே அது. எழுதியும் வைத்தார். உலகம் அதைப் படித்து மறந்துவிட்டது. எழுத்தாளர்களுக்கு இது புதிய அனுபவமல்ல.

பதினைந்து வருஷம் கழித்து, வைல்ட் கண்டதை அறியாமலே, அதே உண்மையைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டவர் ஜான் ஹாப்கின்ஸன். இவரும் மான்செஸ்டர்க்காரர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல்வராகத் தேறிவிட்டு, கலங்கரை விளக்கக் கண்ணாடி செய்யும் சான்ஸ் சகோதரர்கள் கம்பெனியில் எஞ்சினியராகச் சேர்ந்தவர். ஒவ்வொரு விளக்கும் தனக்கென்று ஒரு கணக்கில் கொத்தாக மின்னி மறைந்தால் மாலுமிகள் எந்தக் கரை என்று கண்டுகொள்வார்களே என்ற யோசனையைக் கொடுத்தவரும் இவர்தான்.

இரண்டு யந்திரங்களைத் தொடராக, ஒன்றின் வாலை மற்றதன் தலையில் கட்டினால், அவை எதிரெதிராகத் திரும்பி ஒன்றையொன்று அணைத்துவிடும். பக்கத்தில் பக்கமாக இணைத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் என்று 1883-இல் இவர் சொன்னார். காரணம் அழகானது. ஒரு யந்திரம் சற்றே பின்தங்கினால், முந்திப்போகும் யந்திரத்திலிருந்து மின்சாரம் பாய்ந்து அதை மோட்டார்போல முன்னே இழுக்கிறது. முந்தியதன் வேகமோ அந்தப் பாரத்தினால் அடங்குகிறது. மறு ஆண்டு 1884-இல் சவுத் ஃபோர்லாண்டில் இருந்த தெ மெரித்தான் யந்திரங்களைக் கொண்டு பார்த்தபோது கணக்குப் பலித்தது. ஹாப்கின்ஸன் 1898-இல் தம் பிள்ளைகள் மூவரோடு ஸ்விட்ஸர்லாந்து மலையில் ஏறும்போது விழுந்து, நால்வரும் மாண்டார்கள். அதற்குள் மின்நிலையங்களில் யந்திரங்கள் தோளோடு தோள் சேர்ந்து ஓடத் தொடங்கியிருந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேர்ந்த பிறகு தாமாக நடையைக் காத்துக்கொள்ளும் யந்திரங்கள், சேருகிற அந்தக் கணத்தில் எவ்விதத் தயவும் காட்டுவதில்லை. முழுக்க மாறுபட்ட நடையில் சேர்த்தால் 'இழுத்துக்கொள்வதற்கு' முன்பே உடைந்துவிடும். ஆகவே சேரும் கணத்தைக் கண்டுபிடிக்க ஓர் உபாயம் தேவைப்பட்டது. அதற்குப் பயன்பட்டவை சாதாரண பல்புகள்.

இரண்டு யந்திரங்களுக்கும் நடுவே உள்ள ஸ்விட்சின் குறுக்கே பல்பைக் கட்டுவார்கள். நடை மாறுபட்டிருந்தால் பல்பு எரியும். ஒத்துவர வர மங்கும். முற்றும் ஒத்தால் அணையும். வேகத்தில் சிறு வித்தியாசம் இருந்தால் பல்பு மெதுவாக எரிந்து எரிந்து அணையும், மூச்சு விடுவது போல. அந்த மூச்சு நீண்டு, இருள் படியும் நடுக்கணத்தில் ஸ்விட்சை மூட வேண்டும். எதிர்நடையில் இரட்டிப்பு அழுத்தம் வரும் என்பதால் இரண்டு பல்புகளை வரிசையாகக் கோப்பார்கள். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. பல்பு ஃபியூஸானாலும் இருட்டுத்தானே! அந்த இருட்டை நம்பி ஸ்விட்சை மூடினால் கதி என்ன? அதனால்தான் பின்னால் முள் சுழலும் கடிகாரம் போன்ற கருவி வந்தது. முள் மெதுவாகச் சுற்றிப் பன்னிரண்டு மணி நிலைக்கு வரும்போது சேர்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்தத் தோள் சேர்க்கும் வேலை அவசியத்தால் வந்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின்சாரம் 1932-இல் வந்தது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, அதன் மின்நிலையம் 1937-இல் ஓடத் தொடங்கியது. திருநெல்வேலிச் சீமையில் பாபநாசம் 1944-இல். மேட்டூர் மின்சாரம் விவசாயியின் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டது. ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது வழக்கம். அப்போது யந்திரம் சுழலும். வயல் தண்ணீர் கேட்காத மாதங்களில் மேட்டூர் சோர்ந்துவிடும். கோயம்புத்தூர் மில்லுக்கு அந்த நாட்காட்டி கிடையாது. ஒருவர் சோரும்போது மற்றவர் தோள் கொடுக்க வேண்டியிருந்ததால் மூன்றையும் கம்பியால் பிணைத்தார்கள். பிற்பாடு அந்தப் பிணைப்பில் நிலக்கரி சேர்ந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1983 ஜூலை மாதம் உயிர்பெற்ற முதல் அணு உலையும் சேர்ந்தது. அவ்வளவு பெரிய யந்திரமும் கம்பியில் சேருமுன் நாலடி கூட நடந்து, முள் நிமிரக் காத்திருக்கத்தான் வேண்டும்.

எல்லோரும் எல்லோரோடும் சேர்ந்துவிடவும் இல்லை. வட இந்தியப் பிணைப்பும் தென்னிந்தியப் பிணைப்பும் வெகு காலம் தனித்தனி நடை நடந்தன. இடையே மின்சாரம் கொடுக்கல் வாங்கல் இருந்தது. ஆனால் மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கி அனுப்பி, இந்தப் பக்கம் மறுபடி மாறு மின்சாரமாக்கிக்கொண்டார்கள். ஊர் எல்லை மண்டபத்தில் சுவாமியை இறக்கி வைக்க, அடுத்த ஊர்க்காரர்கள் தங்கள் நடையில் தூக்கிக்கொண்டு போவது போன்ற ஏற்பாடு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியப் பிணைப்பு சரிந்து, இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்து, 60 கோடிப் பேருக்கு மேல் இருட்டில் இருந்தபோது தெற்கு விழவில்லை. நமக்கு அந்த ஆண்டு சொந்தமாகவே பல மணி நேர மின்வெட்டு இருந்ததால், வடக்கைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் தெம்பு இல்லை என்பது வேறு விஷயம். கடைத்தெருவெங்கும் சின்ன ஜெனரேட்டர்கள் புகை கக்கியது அந்த வருஷத்தில்தான்.

2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர் - சோலாப்பூர் இடையே 765 கிலோவோல்ட் கம்பி வழியாகத் தெற்கும் மற்ற இந்தியாவும் ஒரே நடைக்கு வந்தன. அன்று முதல் கல்பாக்கத்து யந்திரமும் பஞ்சாபில் உள்ள யந்திரமும் ஒரே தாளம்.

தேசம் இவ்வளவு யோசித்துச் செய்த காரியத்தைத்தான் நம் மானேஜர் ஒரு துண்டு வயரால் செய்யப் பார்த்தார். இப்போதெல்லாம் 'இன்வெர்ட்டர்' வகைச் சின்ன ஜெனரேட்டர்கள் வருகின்றன. அவற்றில் சிலவற்றுக்குள் இருக்கும் மின்னணு மூளை, துணை யந்திரத்தின் அலையைப் பார்த்துத் தன் அலையை ஒத்துவைத்துக்கொள்கிறது. பழைய பல்பும் முள்ளும் செய்த வேலை ஒரு நகத்தளவு சில்லுக்குள் போய்விட்டது. அப்படிப்பட்டவற்றையும், இதனோடு இதைச் சேர்க்கலாம் என்று தயாரித்தவர்கள் சொன்ன ஜோடியாக இருந்தால் மட்டுமே, அவர்கள் கொடுத்த இணைப்பு வயரால்தான் சேர்க்கலாம். அந்த மூளை இல்லாத பழைய மாதிரி யந்திரங்களுக்கு ஒயர்மேன் தாத்தா செய்ததுதான் சரி. பாரத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மழைக்குப் பயந்து யந்திரத்தை வீட்டுக்குள் இழுத்து வைப்பதும் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவன் எழுந்திருக்கமாட்டான்.

இன்னொரு சேர்க்கை உண்டு. அது யாரும் உத்தேசிக்காமலே நடப்பது. ஜெனரேட்டரைக் கொண்டுபோய்ச் சுவர் பிளக்கில் செருகினால், அது வீட்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுப்பதில்லை. மீட்டர் வழியாகத் தெருக்கம்பிக்குப் போகிறது; அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகிறது. 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தருகிற அதே டிரான்ஸ்பார்மர், பின்பக்கமாக வந்த 230-ஐ ஏறக்குறைய 11,000 ஆகப் பெருக்கிவிடுகிறது. சாதாரண நாளில் தெருவின் பாரம் தாங்காமல் சின்ன யந்திரம் நின்றுவிடக்கூடும். புயல் இரவிலோ கம்பிகள் அறுந்து கிடக்கும், பாரமே இருக்காது. யந்திரம் சுகமாக ஓடும். கரண்டு நிறுத்தியாயிற்று என்று கம்பத்தில் ஏறுகிற மனிதன் அதைத் தொடுவான். அவனுக்கு இந்த விடுதி இருப்பதே தெரியாது. விடுதிக்கும் அவனைத் தெரியாது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. சவுக்கு மரங்கள் ரோட்டில் படுத்துக் கிடந்தன. மின்வாரியத்து லைன்மேன்கள் இருவர் எங்கள் தெருமுனைக் கம்பத்தடியில் வந்து நின்றார்கள். ஒருவர் நீளக் கழியின் கொக்கியைக் கம்பிகளில் மாட்டி, அதன் வயரைத் தரையில் அடித்த கம்பியோடு பிணைத்தார். மற்றவர் விடுதி வாசலுக்கு வந்து, "உள்ள ஜெனரேட்டர் ஓடுதா?" என்று கேட்டார்.

ஒயர்மேன் தாத்தா பதில் சொல்லவில்லை. வராந்தாச் சுவரில் இருந்த சேஞ்ச் ஓவர் பெட்டியருகே அழைத்துப் போய்க் காட்டினார். கைப்பிடி கீழே, ஜெனரேட்டர் பக்கம் இருந்தது. மேலே தள்ளினால்தான் தெருக்கம்பி. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் தொடும்படி அந்தக் கைப்பிடியை எவராலும் வைக்க முடியாது. லைன்மேன் அதை ஒரு முறை பார்த்தார். பிறகு தாத்தாவின் முகத்தை ஒரு முறை பார்த்தார்.

"நான் வந்து சொல்ற வரைக்கும் இதைத் தொடாதீங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுக் கம்பத்தில் ஏறப் போனார். அவர் இறங்குகிற வரையில் தாத்தா அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.