நான்கு தானங்களும் ஒரு பறவை மருத்துவமனையும்

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி ஆகியவற்றை வழங்குதலை ஆகார தானம், அபய தானம், ஔடத தானம், சாத்திர தானம் எனச் சமண அறம் போற்றுகிறது. சமண முனிவர் உறைந்த பள்ளிகளில் கல்வியும் பயிற்றப்பட்டமையால், தமிழில் கல்விக்கூடத்திற்குப் பள்ளி என்னும் பெயர் நிலைத்தது என்பர் அறிஞர். இத்தானங்கள் மனிதர்க்கு மட்டுமன்றிப் பிற உயிர்களுக்கும் உரியன என்பதற்குத் தில்லி மாநகரில் ஒரு சான்று உண்டு.

செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக்கின் தொடக்கத்தில் திகம்பர ஜைன லால் மந்திர் அமைந்துள்ளது. அதன் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஓர் அறமருத்துவமனை இயங்குகிறது. 1929-இல் கினாரி பஜாரில் சிறிய அளவில் தொடங்கப்பெற்ற இத்தொண்டு, 1957 முதல் இன்றுள்ள கட்டடத்தில் நடைபெறுகிறது. சிறகு முறிந்த புறாக்களும் கிளிகளும் சிட்டுக்குருவிகளும் இங்குக் கட்டணமின்றி மருத்துவம் பெறுகின்றன. நலமடைந்தவை மேல்தளத்திலிருந்து பறக்கவிடப்படும்; மீண்டும் கூண்டில் அடைப்பதற்கு எவரிடமும் தரப்படுவதில்லை.

ஆயினும் பருந்து போன்ற ஊனுண்ணும் பறவைகளைப் பேணுவதில் ஓர் அறச்சிக்கல் எழுகிறது. அவற்றைத் தங்கவைத்தால், ஓருயிரைக் காக்க மற்றோருயிரின் ஊனைத் தேடவேண்டும். ஆதலால் அவற்றிற்குப் புறநோயாளிகளாகவே மருந்திட்டு அனுப்பும் மரபு ஏற்பட்டது. கொல்லாமையில் வழுவாத நெறி இது. எனினும், சிறகு முறிந்த பருந்திற்கு ஒருநாள் மருந்து போதாது. அதுவும் வலியறியும் ஐயறிவுயிரே.

தில்லியைச் சேர்ந்த நதீம் ஷெசாத், முகம்மது சவூத் என்னும் உடன்பிறந்தார் இளமையில் இச்சிக்கலை நேரில் கண்டனர். அடிபட்ட பருந்தொன்றை அவர்கள் மருத்துவத்திற்கு எடுத்துச் சென்றபோது, ஊனுண்ணும் பறவை என்பதால் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அந்நினைவு அகலாத அவர்கள், பின்னாளில் தம் இல்லத்திலேயே பருந்துகளுக்கு மருத்துவம் செய்யத் தொடங்கினர். 2010-இல் அதற்கென ஓர் அமைப்பையும் நிறுவினர். இவர்தம் பணியை ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் பிரீத்ஸ்' என்னும் ஆவணப்படம் 2022-இல் உலகறியச் செய்தது.

இவ்விரு தொண்டுகளையும் எதிரெதிராக நிறுத்த வேண்டுவதில்லை. புறாவாயினும் பருந்தாயினும், தில்லிப் பறவைகள் படும் காயங்கள் பலவற்றிற்குக் காரணம் ஒன்றே; அது மாஞ்சா நூல். ஆகஸ்ட் மாதத்தில் விடுதலை நாளையொட்டித் தில்லி வானெங்கும் பட்டங்கள் பறக்கும். கண்ணாடித் தூள் பூசிய நூல், பறந்துவரும் பறவையின் சிறகுத் தசையை அறுத்துவிடும். நைலான் முதலிய செயற்கை இழை மாஞ்சாவை 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடெங்கும் தடைசெய்தது. தடை வந்த பின்னும் அந்நூல் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

ஈண்டு நான்காம் தானத்தின் பெருமை விளங்கும். உணவும் அடைக்கலமும் மருந்தும் காயம்பட்ட பின்னரே பறவையைச் சென்றடைகின்றன. கல்வி ஒன்றே காயத்திற்கு முன் செல்லவல்லது. அறுபடாத பருந்திற்கு ஊன் தேடும் சிக்கலும் இல்லை. அக்கல்வியை அச்சுறுத்திப் புகட்ட வேண்டுவதில்லை. வீட்டு முற்றத்திற்கு வரும் பறவையின் பெயரையும் குரலையும் கூட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டி, அவர்களோடு சேர்ந்து மகிழ்ந்தாலே போதும். பறவையைப் பார்த்து மகிழப் பழகிய பிள்ளை, மாஞ்சா நூலை வாங்கக் கை நீட்டாது.