தாஜ்மகால் ஓட்டலின் மாடிப்படியும் ‘புறங்காட்டி நிற்கும் கட்டடம்’ என்னும் ஐதிகமும்

பம்பாய் அப்பாலோ பந்தரில் 1903 டிசம்பர் 16-ஆம் நாள் திறக்கப்பெற்ற தாஜ்மகால் ஓட்டல் கடலுக்குப் புறங்காட்டி அமைந்தது பிழையால்தான் என்றும், வரைபடத்தைக் கொடுத்துவிட்டுத் தாய்நாடு சென்ற ஐரோப்பியக் கட்டடச் சிற்பி திரும்பிவந்து, முன்புறம் பின்புறமாக எழும்பியிருக்கக் கண்டு உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் ஒரு கதை உண்டு. அதனை முழுதும் நம்பாதவர்கூட, நெருப்பில்லாமல் புகையாது என்னும் நியாயத்தால், நிர்மாணத்தில் ஏதோ குழப்பம் நேர்ந்ததற்கு அதனைச் சான்றாகக் கொள்கின்றனர். அவ்வபிப்பிராயம் நிலைக்காது என்பதற்கு அம்மாளிகையின் நடுமாடிப்படியே போதிய பிரமாணம் என்பது என் துணிபு.

மையக் குவிமாடத்தின் கீழ், தூண் எதன்மீதும் ஊன்றாமல் அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றும் அப்படிவரிசையை வகுத்தவர், ஓட்டலைக் கட்டிய ஒப்பந்தக்காரர் கான்சாகிப் சொராப்ஜி ருத்தன்ஜியே என்பது மரபு. ஒரு மரபை மறுப்பவன் மற்றொன்றை எங்ஙனம் ஏற்கலாம் எனின், முன்னது கட்டடத்தோடு முரண்படுகிறது, பின்னது பொருந்துகிறது என்பதே விடை. தாங்குதூணற்ற படி தன் பாரத்தையெல்லாம் பக்கச் சுவரிடம் ஒப்புவிப்பதாகலின், சுவர் எழும்பும்போதே அதன் கனமும் பிடிப்பும் படிக்கென்று கணிக்கப்படவேண்டும். முடிந்த கட்டடத்தில் பிற்பாடு நுழைக்கத்தக்க அலங்காரமன்று அது. அத்தகைய படியைத் தானே வகுத்துத் தானே கட்டியவர், அஸ்திவாரத்தின் திசை மாறியதை அறியாதிருந்தார் என்பது நம்பத்தக்கதன்று. மேலும், ஆதி வரைபடம் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி. என். மிர்சா ஆகிய இந்தியருடையது; டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் பின்னர் வந்து பணியை முடித்தவரே. ஆகவே வரைபடத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய ஐரோப்பியருக்கு இவ்வரலாற்றில் இடமே இல்லை.

அங்ஙனமாயின் வாயில் நகர்ப்புறம் நோக்கியது ஏன்? மாளிகையின் இரு சிறகுகளும் மேற்கே விரிந்து, பாக் பே பக்கத்திலிருந்து வரும் காற்றை ஏற்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் புகும் மேல்காற்றை அறிந்து வாசலும் திண்ணையும் வைக்கும் கோயமுத்தூர்க்காரருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. கிழக்கே நீர்ப்பரப்பு இருப்பதொன்றையே கருதி அதனை முன்புறம் என்பது காற்றை மறந்தவர் கணக்கு. அமெரிக்காவிலிருந்து விசிறி வருவித்த ஓட்டலுக்குக் காற்று எதற்கு என்பார் உளர்; விசிறி உள்ள காற்றைச் சுழற்றுமேயன்றிப் புதுக்காற்றைக் கொணராது. பிரயாணிகள் கப்பலிலிருந்து அப்பாலோ பந்தரில்தானே இறங்கினர் என்பதும் வலுவற்ற ஆட்சேபமே, இறங்கியவர் வண்டியேறி நகர்ப்புற வாயிலை அடையச் சில நிமிஷங்களே ஆகும். அவ்வாயில் முற்றம் இன்று நீச்சற்குளமாகிவிட்டமையால், பழைய முகத்தைப் பார்ப்பவர் அதனை முகமென்று அறிவதுமில்லை.

கதை பிறந்த காலத்தைப் பற்றியும் ஓர் அனுமானம் கூறலாம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-இல் வந்திறங்கியதன் நினைவாகத் தொடங்கி 1924-இல் முடிந்த ‘இந்தியாவின் வாயில்’ எதிரே எழுந்தபின்னரே, கடற்பக்கம் மாளிகையின் முகம்போல் தோற்றம் பெற்றது. அதற்கு முன் ‘புறங்காட்டி நிற்கிறது’ என்னும் எண்ணம் ஒருவருக்கு உதித்திருத்தல் அரிது. 1924-க்கு முற்பட்ட ஏட்டில் இக்கதை காணப்படுமாயின் இவ்வனுமானத்தைக் கைவிட நான் தயங்கேன். மாடிப்படியைப் பற்றிய வாதம் அதனால் அசையாது.