டோங்கா விதை

டோங்கா விதை என்பது தென் அமெரிக்காவின் வடபகுதி மழைக்காடுகளில் வளரும் திப்தெரிக்சு ஓடொராட்டா என்னும் பெருமரத்தின் நறுமணமுள்ள விதை ஆகும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் வெனிசுவேலா, கயானா, சுரிநாம், பிரெஞ்சு கயானா, கொலம்பியா, பிரேசில் ஆகிய நாடுகளில் இயற்கையாகக் காணப்படுகின்றது. வாசனைத் திரவியத் தொழிலுக்குச் செல்லும் விதையின் பெரும்பகுதி தோட்டங்களில் விளைவதன்று. காட்டில் தானாக உதிரும் காய்களைப் பொறுக்கியே பெறப்படுகின்றது. இதனால் இவ்விதையின் வணிகம் காட்டின் நிலையோடும் அதைச் சார்ந்து வாழும் சமூகங்களோடும் நெருங்கப் பிணைந்துள்ளது.

பெயர்

டோங்கா என்னும் சொல் கயானாப் பகுதியில் வழங்கும் கரீபு மொழியிலிருந்து வந்தது. பசிபிக் பெருங்கடலிலுள்ள தொங்கா தீவு நாட்டுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. வெனிசுவேலாவில் இது சர்ராப்பியா எனவும், பிரேசிலில் குமரு எனவும் அழைக்கப்படுகின்றது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஓப்லே 1775 இல் இம்மரத்தை விவரித்தபோது உள்ளூர்ப் பெயரைக் கொண்டே இதற்குப் பேரினப் பெயரிட்டார். அப்பேரினப் பெயர் இன்று வழக்கில் இல்லையெனினும், கூமரின் என்னும் வேதிச் சேர்மத்தின் பெயரில் அது நிலைத்துவிட்டது.

மரமும் காயும்

இம்மரம் 25 முதல் 30 மீட்டர் வரை உயரும். மிக மெதுவாக வளர்வது. மரம் கடினமும் கனமும் மிக்கது. பிரேசிலின் மனாவுசு நகருக்கு அருகே கதிரியக்கக் கரிமக் கணிப்பு முறையில் ஆராயப்பட்ட மரங்களுள் இவ்வினத்தைச் சேர்ந்த ஒன்று ஆயிரம் ஆண்டுகளைக் கடந்ததாக 1998 இல் அறிவிக்கப்பட்டது.

காய் சிறு மாங்காயை ஒத்தது. மெல்லிய சதையின் உள்ளே மரம் போன்ற கடினமான ஓடும், அதனுள் ஒரேயொரு விதையும் இருக்கும். விதை 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளமுடையது. உலர்ந்ததும் கருத்துச் சுருங்கிவிடும். பழந்தின்னி வௌவால்கள் சதைக்காகக் காயைக் கவ்விச் சென்று, தின்றபின் ஓட்டைத் தாம் தங்கும் மரத்தடியில் போட்டுவிடுகின்றன. அகூட்டி எனப்படும் கொறி விலங்கு ஓட்டைக் கடித்து விதையைத் தின்னும். சிலவற்றை மண்ணில் புதைத்து வைக்கவும் செய்யும். தாய்மரத்திலிருந்து தொலைவில் புதிய கன்றுகள் முளைப்பது பெரிதும் இவ்விலங்குகளால்தான்.

காட்டில் பொறுக்குதல்

ஓரினோகோ ஆற்றின் துணையாறான கவுரா, வெனிசுவேலாவின் பொலிவார் மாநிலத்தில் பாய்கின்றது. இதன் படுகை நீண்டகாலமாக டோங்கா விதைக்குப் பெயர் பெற்றது. (இங்குள்ள மரங்களில் ஒரு பகுதியைத் திப்தெரிக்சு புங்க்டாட்டா என்னும் தனி இனமாகக் கொள்வாரும் உளர்.) இங்கு வறண்ட பருவத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ பெப்ரவரி முதல் காய்கள் உதிரத் தொடங்கும். சர்ராப்பியேரோ எனப்படும் சேகரிப்பாளர்கள், சிலர் குடும்பத்தோடு, படகிலும் நடந்தும் காட்டினுள் சென்று, மரங்கள் மிகுந்த இடங்களில் குடில் அமைத்து வாரக்கணக்கில் தங்குவர். தப்பியோடிய ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோர் வாழும் அரிப்பாவோ என்னும் சிற்றூர் இத்தொழிலில் குறிப்பிடத்தக்கது. படுகையின் மேற்பகுதியில் எக்குவானா, சனேமா ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர்.

வேலை எளிதானதன்று. உதிர்ந்த காய்களைக் கூட்டிக் குவித்து, ஒவ்வொன்றையும் கல்லின்மேல் நிறுத்திக் கல்லாலோ சுத்தியலாலோ உடைக்க வேண்டும். அடி பிசகினால் விதை நசுங்கிவிடும். நசுங்கிய விதைக்கு விலை குறைவு. ஒரு கிலோ உலர்விதைக்குப் பல நூறு காய்களை உடைக்க வேண்டியுள்ளது. இவ்வளவுக்கும் மரம் ஆண்டுதோறும் ஒரே அளவாகக் காய்ப்பதில்லை. ஓராண்டு மிகுதியாகக் காய்த்த மரம் அடுத்த சில ஆண்டுகள் வெறுமையாக நிற்பதுண்டு. நிலையான வருவாயை இவ்விதையிடம் எதிர்பார்க்க முடியாமைக்கு இதுவே முதற்காரணம்.

பிரேசிலின் பாரா மாநிலத்தில், அமேசான் ஆற்றை அடுத்த சாந்தரேம், ஓபிதோசு, அலென்கேர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த காடுகளிலும் விதை சேகரிக்கப்படுகின்றது. அங்கு வறண்ட பருவம் ஆண்டின் பிற்பாதியில் வருவதால் சேகரிப்புக் காலமும் வேறுபடும். அங்குள்ள பல குடும்பங்களுக்குப் பிரேசில் கொட்டை சேகரிப்பு முதன்மைத் தொழில். குமரு அதற்கு அடுத்தது.

பதப்படுத்தல்

விதைகள் நிழலிலோ இளவெயிலிலோ உலர்த்தப்படுகின்றன. முற்காலத்தில் உலர்ந்த விதைகளை ரம் என்னும் மதுவில் ஊறவைத்து மீண்டும் உலர்த்துவர். அப்போது கூமரின் வெளிப்பட்டு விதையின்மேல் வெண்பனி படர்ந்தாற்போல் படிகமாகும். திரினிடாடு தீவு இவ்வேலைக்குப் பெயர் பெற்றிருந்தது. வெனிசுவேலா விதை, சியுடாட் பொலிவார் நகரின் பழைய பெயரால், அங்கோசுதுரா விதை என விற்கப்பட்டது. வாசனைத் தொழிற்சாலைகளில் விதையிலிருந்து கரைப்பான் கொண்டு நறுஞ்சாறு பிரித்தெடுக்கப்படுகின்றது. வனிலா, வாதுமை, புதிதாக வெட்டி உலர்த்திய புல், புகையிலை ஆகியவற்றின் மணம் கலந்தது போன்றது இதன் வாசனை.

கூமரின்

விதையில் கூமரின் பொதுவாக 1 முதல் 3 விழுக்காடு வரை இருக்கும். சிலவற்றில் இதனினும் மிகும். 1820 இல் செருமானியரான ஃபோகல் இதை டோங்கா விதையிலிருந்து பிரித்தெடுத்து, பென்சாயிக் காடி எனத் தவறாகக் கருதினார். அதே காலத்தில் பிரான்சில் தனியே ஆராய்ந்த கிபூர் இது புதிய பொருள் என உணர்ந்து பெயரிட்டார். 1868 இல் ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் என்றி பெர்க்கின் இதைச் செயற்கையாக உருவாக்கினார். 1880களில் ஊபிகான் நிறுவனத்தின் ஃபூழேர் ரோயால் என்னும் வாசனைத் திரவியத்தில் செயற்கைக் கூமரின் பயன்பட்டது. தற்கால வாசனைத் திரவியக் கலையின் தொடக்கங்களுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது.

காட்டு விதைக்கு நேர்ந்த பெரும் போட்டியும் இதுவே. கூமரின் மட்டும் வேண்டுவோர் மலிவான செயற்கைப் பொருளை நாடினர். எனினும் விதையின் நறுஞ்சாற்றில் கூமரினோடு வேறு பல மணப்பொருட்களும் உள்ளன. இக்கலவை மணத்துக்காகவே, விலை கூடினாலும், இயற்கை விதை இன்றும் வாங்கப்படுகின்றது.

வளங்குன்றாச் சேகரிப்பு

உதிர்ந்த காயைப் பொறுக்குவதால் மரத்துக்குக் கேடில்லை. பட்டையை உரித்தோ மரத்தை வெட்டியோ பெறும் காட்டுப் பொருட்களோடு ஒப்பிட்டால் இது பெரும் நன்மை. ஆனால், இதனாலேயே இச்சேகரிப்புத் தானாக வளங்குன்றாதது என்று சொல்லிவிட முடியாது. எல்லா விதைகளையும் அள்ளிவிட்டால் கன்றுகள் தோன்றா. மரம் நெடுங்காலம் வாழ்வதால் இவ்விழப்பு ஒரு தலைமுறைக்குள் கண்ணுக்குத் தெரியாது. முதிய மரங்கள் காய்த்துக்கொண்டேயிருக்க, அவற்றின் இடத்தை நிரப்ப இளமரங்கள் இல்லாத நிலை உருவாகும். ஆகவே ஒரு பகுதிக் காய்களை விட்டுவைத்தல், அகூட்டியை அளவின்றி வேட்டையாடாதிருத்தல் ஆகியன முதன்மையானவை. இரண்டாவதன் தேவையை விதை வாங்குவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

சுவிட்சர்லாந்தின் கிவாடன் நறுமண நிறுவனம், கன்சர்வேசன் இன்டர்நேசனல் அமைப்புடன் இணைந்து, 2000களின் பிற்பகுதியில் கவுரா படுகையில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சேகரிப்போரிடமிருந்து விதை வாங்குவதும், அதற்கு ஈடாக உள்ளூர்ச் சமூகம் காட்டைப் பாதுகாப்பதும் இதன் அடிப்படை.

காட்டுக்கான பேரிடர்கள் வேறு திசைகளிலிருந்து வருகின்றன. ஒன்று தங்கம். 2000களின் நடுப்பகுதியிலிருந்து கவுரா படுகையில் சட்டத்துக்குப் புறம்பான தங்கச் சுரங்கங்கள் பரவின. அவற்றில் பயன்படும் பாதரசம் அங்கு வாழும் மக்களின் உடலில் சேர்ந்துள்ளமை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. விதை காய்க்காத ஆண்டில் சேகரிப்பாளருக்குச் சுரங்கம் உடனடிக் கூலி தருகின்றது. 2017 இல் கவுரா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னரும் சுரங்கத் தொழில் நின்றுவிடவில்லை. மற்றொன்று மரவணிகம். குமரு மரம் வீட்டுத் தளங்களுக்கும் வெளிப்புற மேடைகளுக்கும் பெருமளவில் ஏற்றுமதியாகின்றது. விதை தரும் முதிய மரமே மரவெட்டிகள் தேடும் பருமனான மரமும் ஆகும். 2022 இல் பனாமாவில் கூடிய சைட்டிசு மாநாடு திப்தெரிக்சு பேரினத்தை இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. இம்முடிவு 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

உணவுப் பயன்பாடும் நச்சுத்தன்மையும்

பிரான்சு முதலிய நாடுகளில் டோங்கா விதையைச் சிறிதளவு துருவி இனிப்புகளில் சேர்ப்பர். கூமரின் மிகுதியாக உட்கொள்ளப்பட்டால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால், ஐக்கிய அமெரிக்கா 1954 இல் அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகக் குறைவு. அதற்கு மாற்றாக விற்கப்படும் சீன இலவங்கப்பட்டை வகையில் அதிகம். கூமரின் குருதி உறைதலைத் தடுக்கும் என்று பரவலாக எழுதப்படுவது சரியன்று. அத்தன்மை, பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர்ப் புல்லில் கூமரினிலிருந்து உருவாகும் டைகூமரால் என்னும் பொருளுக்கே உரியது.