முத்துக் குளித்த காலம்

வைப்பாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த கீழவைப்பார், பரதவரின் ஏழு கடற்றுறைகளுள் ஒன்றெனப் பண்டு புகழ்பெற்ற வைப்பாரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

இக்கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாக அப்பியாசித்த முத்துக்குளிப்பில் யந்திரமென்று ஏதுமில்லை. கயிற்றில் பிணித்த கல்லின் மேல் காலூன்றி, வலைப்பையுடன் ஆழ்கடலில் இறங்கியவன், ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சடக்கிச் சிப்பிகளைச் சேகரிக்க, தோணியிலிருந்த துணைவன் கயிற்றின் அசைவொன்றையே நம்பி அவனை மேலே இழுத்தான். சுறாவின் வாயைக் கட்டுவதாகக் கடல்கட்டி எனப்பட்ட மந்திரவாதி மந்திரம் ஜபித்தார். கரைசேர்ந்த சிப்பிகள் மூன்று குவியல்களாக்கப்பட்டு, ஆங்கிலேயர் காலத்தில் இரண்டு சர்க்காருக்கும் ஒன்று குளித்தவர்களுக்கும் உரியனவாயின.

1893இல் ஜப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் சிப்பியைக் கொண்டே அரைக்கோள முத்தை விளைவித்த பின், நாளடைவில் உலகச் சந்தையில் இயற்கை முத்தின் தனியுரிமை தளரத் தொடங்கியது. பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளில் சிப்பியும் அருகவே, 1955 முதல் ஆண்டுதோறும் நடந்த தூத்துக்குடிக் குளிப்பு 1961உடன் நின்றது. 1973இல் அதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருண்டை முத்தை விளைவித்தனர்.

வித்தையின் வெற்றியை நான் மனமாரப் போற்றுகிறேன்; ஆயினும், ஒரு தொழில் மறையும்போது மூச்சையும் நீரோட்டத்தையும் அறிந்த ஞானமும் உடன் மறைகிறது. அந்த ஞானத்தையுடைய மக்களுக்குப் புதிய வாழ்வு அமைத்துத் தருவதே முன்னேற்றத்தின் முதற்கடமையாகும்.