இருமலும் எபிடியூரலும்: மாஸ்டர் ஆய்வு – ஒரு மறுவாசிப்பு

பெரிய வயிற்று அறுவைக்குப் பின் எபிடியூரல் (தண்டுவடத்தைச் சூழ்ந்த இடத்தில் மருந்து செலுத்தி வலி தணிக்கும் முறை) தேவையா என்ற வழக்கில், 2002இல் லான்செட் இதழில் வெளிவந்த மாஸ்டர் ஆய்வையே இறுதித் தீர்ப்பாகக் கொள்வோர் உண்டு. 6 நாடுகள், 25 மருத்துவமனைகள், ஆபத்து மிகுந்த 888 நோயாளிகள். 30 நாளுக்குள் இறந்தோர் எபிடியூரல் பிரிவில் 5.1 விழுக்காடு, மற்றப் பிரிவில் 4.3. ஆகவே பயனில்லை என்பது அவர்கள் முடிவு. அந்த எண்களுக்கு அவ்வளவு பேசும் வலு இல்லை.

இறப்பு வேறுபாட்டுக்கு 95 விழுக்காடு நம்பக இடைவெளியைக் கணக்கிட்டால், நூற்றுக்கு 2 பேர் குறைவதிலிருந்து 3.6 பேர் கூடுவது வரை அது விரிகிறது. 2000இல் 141 ஆய்வுகளைத் தொகுத்த பி.எம்.ஜே. கட்டுரை இறப்பில் கண்ட மூன்றிலொரு பங்கு குறைவுகூட அதற்குள் அடங்கிவிடும். அத்தகைய குறைவை உறுதியாகக் காண 5,000 பேருக்கு மேல் வேண்டும்.

இறப்பை விட்டு அடுத்த வரிசைக்கு வருவோம். உறுப்பு மண்டலச் சிக்கல்கள் 8 வகையாகப் பிரிக்கப்பட்டன. ஒன்றில் மட்டும் வேறுபாடு தெரிந்தது: சுவாசச் செயலிழப்பு, எபிடியூரல் பிரிவில் 23 விழுக்காடு, மற்றப் பிரிவில் 30 (பி = 0.02). எட்டு முறை தேடினால் ஒன்று தற்செயலாகவும் அகப்படும் என்பது மறுப்பு. பல ஒப்பீடுகளுக்கான பான்ஃபெரோனி திருத்தத்தை இட்டால் 0.02 தேறாது, மறைப்பதற்கில்லை. ஆனால் அத்திருத்தம் எட்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. எபிடியூரலால் எங்கே மாற்றம் வரும் என்று ஆய்வுக்கு முன் கேட்டிருந்தால், உடலியல் அறிந்தவர் நுரையீரலைத்தான் முதலில் காட்டியிருப்பார். மேல்வயிற்றைக் கீறியபின் உதரவிதானம் சரிவர இயங்குவதில்லை. வலிக்கு அஞ்சி நோயாளி ஆழ்ந்து மூச்சிழுக்கவும் மாட்டார், இருமவும் மாட்டார். சளி தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும். இதே ஆய்வில் எபிடியூரல் பெற்றோரின் வலிமதிப்பெண் முதல் 3 நாளும் குறைந்திருந்தது. வலி குறைந்ததையும் சுவாசம் காக்கப்பட்டதையும் இருவேறு செய்திகளாக வாசிப்பதில்தான் பிழை இருக்கிறது என்பது என் கருத்து.

எச்சரிக்கையும் தேவை. எவருக்கு எது தரப்பட்டது என்பது மறைக்கப்படாத ஆய்வு இது. வலிமதிப்பெண்ணில் எதிர்பார்ப்பின் சாயல் படிந்திருக்கலாம். எபிடியூரல் உயிர் காக்கும் என்றும் இதைக் கொண்டு சொல்ல முடியாது. 1987இல் வெறும் 53 பேரை வைத்து யேகர் குழு எழுதிய கட்டுரைக்கு எபிடியூரல் ஆதரவாளர்கள் தந்த மதிப்பும் மிகையே.

தீங்கைப் பார்த்தால், 2009இல் வெளியான பிரிட்டன் தேசியத் தணிக்கை, அறுவையை ஒட்டிய எபிடியூரலால் நிரந்தரப் பாதிப்பு, கடுமையாகக் கணக்கிட்டாலும், லட்சத்துக்குச் சுமார் 17 என்றது. மாஸ்டர் தரவின்படி ஏறத்தாழ 15 பேருக்கு எபிடியூரல் இட்டால் ஒருவருக்குச் சுவாசச் செயலிழப்பு தவிர்க்கப்படுகிறது. இரத்த அழுத்தம் தாழ்வதைப் பெரிய தடையாகச் சொல்வது, கண்காணிப்பு இல்லாத வார்டைப் பற்றிய புகார், எபிடியூரலைப் பற்றியதன்று. லேப்பராஸ்கோப்பி பெருகிவிட்டதே என்பார்க்கு: அங்கே கீறலே சிறிது. இந்த வாதம் வயிற்றை அகலத் திறக்கும் அறுவைக்கும், நுரையீரல் முன்பே நலிந்தவர்க்கும் உரியது.