தொண்டைமான் சீமையிலிருந்து மிக்னானோ வரை: தமிழ்ப் படைவீரனும் ஜார்ஜ் சிலுவையும்

1752-இல் ஆற்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டிருந்தபோது, கோட்டைக்குள் இருந்த அவருடைய போட்டியாளர் முகமது அலியும் ஆங்கிலேயரும் புதுக்கோட்டைத் தொண்டைமானையே பெரிதும் நம்பியிருந்தனர். அவருடைய குதிரைவீரரும் கள்ளர் காலாட்களும் துணைக்குச் சென்றனர். தானியமும் அந்தச் சீமையிலிருந்தே போனது. அதற்குப் பழிவாங்க 1754-இல் பிரெஞ்சு, மைசூர்ப் படைகள் தொண்டைமான் நாட்டுக்குள் புகுந்து ஊர்களைச் சூறையாடின. இந்நிகழ்வில் மன்னரின் ஆங்கிலேய விசுவாசம் பேசப்படும் அளவுக்குக் களத்தில் நின்ற காலாட்களின் திறன் பேசப்படுவதில்லை. இது பெருங்குறை.

அந்தத் திறனை ஆங்கிலேயரே பின்னாளில் மறுத்தார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர் என்று முடிவு கட்டினார். பின் இந்தியா முழுமைக்கும் தளபதியானதும் அக்கருத்தே ஆள்சேர்ப்புக் கொள்கையாயிற்று. 'போர்க்குடிகள்' வடக்கில்தான் உண்டு என்றார்கள். சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1930களுக்குள் கலைக்கப்பட்டன. நீண்ட அமைதிக் காலத்தில் போர்வாய்ப்பே இல்லாமல் கிடந்த படையைப் பார்த்து, அதன் வீரர்களின் பிறப்பில் குறை கண்டது நேர்மையான மதிப்பீடு ஆகாது.

தப்பிப் பிழைத்தது 1780-இல் தோன்றிய சென்னைச் சாப்பர்ஸ் படை. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது அதன் வேலை. அவ்வீரர்களுக்குப் படையில் வழங்கிய செல்லப்பெயர் 'தம்பி'. காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் அத்தம்பிகளில் ஒருவர்.

1944 பிப்ரவரியில் இத்தாலியின் கசினோ மலைப்பகுதியில் கடும் போர் நடந்துகொண்டிருந்தது. 15-ஆம் தேதி மலைமேல் இருந்த மடாலயம் குண்டுவீச்சில் தரைமட்டமானது. ஒன்பது நாள் கழித்து, 24-ஆம் தேதி, தெற்கே மிக்னானோ அருகே சுப்பிரமணியன் தம் ஆட்களுடன் கண்ணிவெடி தேடிக்கொண்டிருந்தார். முன்னே கருவியுடன் நடந்த வீரரின் காலடியில் சிறு வெடிச்சத்தம் கேட்டது. ஜெர்மானியரின் 'எஸ்' வகை வெடி அது. மிதித்த பின் ஏறத்தாழ நான்கு நொடியில் இடுப்பளவு உயரத்துக்கு எழும்பி வெடித்து, முந்நூறுக்கு மேற்பட்ட எஃகுக் குண்டுகளை நாற்புறமும் சிதறடிக்கும். தரையில் படுத்துக்கொண்டால் பிழைக்க வழியுண்டு என்பது சாப்பர் ஒவ்வொருவருக்கும் தெரியும். சுப்பிரமணியன் அந்த வெடியின் மேலேயே பாய்ந்து விழுந்தார். முழு வெடிப்பையும் அவர் உடல் தாங்கியது. உடன் வந்தவர்கள் உயிர் தப்பினர்.

அவருக்கு மறைவுக்குப் பின் ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. 1940-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்திய இந்த வெள்ளிப் பதக்கம், எதிரியை நேருக்கு நேர் சந்திக்காத நிலையில் காட்டிய வீரத்துக்கு உரியது. எதிரியின் முன் காட்டிய வீரத்துக்கு விக்டோரியா சிலுவை. அதுவும் 1911 வரை இந்திய வீரர்களுக்குக் கிடையாது. வீரத்தை இப்படி இரண்டாகப் பிரிக்கும் பாகுபாட்டை என்னால் ஏற்க இயலவில்லை. எதிரி தன் கையால் புதைத்த வெடி, எதிரியே. போருக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மண்ணின் மகன், அதன்மீது தெரிந்தே விழுந்தான்.