வரிக்குதிரை மட்டியும் யாரும் பிரிக்காத கோப்பும்

கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஓட்டின் மேல் பழுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக இருப்பதால் பிரெஞ்சில் இதை 'மூல் ஸேப்ரே' என்பார்கள். வரிக்குதிரை மட்டி என்று நாம் வைத்துக்கொள்ளலாம். நன்னீரில் வாழ்கிற இனம். நம் ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ இது கிடையாது. ஆனாலும் இதன் கதை நமக்கும் தெரிந்திருப்பது நல்லது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இதன் பூர்வீகம் காஸ்பியன் கடல், கருங்கடல் பக்கத்து ஆறுகள். ரஷ்யப் பேரரசில் ஊர் ஊராகச் சுற்றி ஆராய்ந்த பல்லாஸ் என்ற ஜெர்மானியர் 1771இல் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார். பிறகு 1835இல் பெல்ஜியப் பேராசிரியர் வான் பெனெதன், தனக்கு உதவிய திரைசென்ஸ் என்ற மருந்துக் கடைக்காரரின் பெயரையே இந்த இனத்துக்குச் சூட்டினார். விஞ்ஞானிகள் இன்றும் 'திரைசெனா' என்றுதான் சொல்கிறார்கள்.

ரஷ்யப் பக்கத்து மட்டி பெல்ஜியத்துக்கு எப்படி வந்தது? கால்வாய் வழியாகத்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கருங்கடல் பக்கத்து ஆறுகளைப் பால்டிக் கடல் பக்கத்து ஆறுகளோடு இணைத்துக் கால்வாய்கள் வெட்டினார்கள். மரமும் தானியமும் போன படகுகளின் அடியில் மட்டியும் ஒட்டிக்கொண்டு போயிற்று. 1824இல் லண்டன் துறைமுகத்தில் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஹாலந்து, ஜெர்மனி, பிறகு பிரான்ஸ்.

பிரெஞ்சுப் பள்ளியில் பூகோளம் படித்த என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கனால் து பூர்கோஞ், மார்ன்–ரைன் கால்வாய் என்று எந்தக் கால்வாய் எந்த ஆற்றை எந்த ஆற்றோடு சேர்க்கிறது என்பதை மனப்பாடம் செய்து வரைபடத்தில் நீலக் கோடு போடுவோம். வியாபாரம் வளர்ந்தது, நிலக்கரி போயிற்று, திராட்சை ரசம் போயிற்று என்று வாத்தியார் சொல்லித் தருவார். அதே நீலக் கோடுகளில் இந்த மட்டியும் போயிற்று என்று அந்தப் பாடத்தில் இல்லை.

இது செய்யும் தொந்தரவு இதன் சுபாவத்தில் இருக்கிறது. நம் ஊர்க் குளத்து மட்டி சேற்றில் புதைந்து கிடக்கும். இதுவோ பசை போன்ற நூல் விட்டுக் கல், மரம், இரும்பு எதிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு பெட்டை ஆண்டுக்கு 10 லட்சம் முட்டை வரை இடும். குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் சில வாரம் தண்ணீரில் மிதந்து திரியும். குடிநீர்க் குழாய்க்குள் நுழைந்தால் உள்ளேயே ஒட்டி வளர்ந்து குழாயை அடைத்துவிடும். 1880களிலேயே ஹாம்பர்க் நகரக் குடிநீர்க் குழாய்களுக்குள் இது இருந்ததைக் கிரேப்பெலின் என்ற ஆய்வாளர் எழுதி வைத்திருக்கிறார். ஆக, விஷயம் பதிவாகிவிட்டது. எங்கள் அலுவலகப் பாஷையில் சொன்னால், கோப்பு திறந்தாகிவிட்டது.

இனி அமெரிக்கா. அங்கே டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில் சேன்ட் கிளேர் ஏரி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் லா சால் 1679இல் புனித கிளாராவின் திருநாளன்று அங்கே போய்ச் சேர்ந்ததால் அந்தப் பெயர். பிரான்சுவா மர்த்தேன் நம் புதுச்சேரியில் வந்து இறங்கி அப்போது 5 ஆண்டுதான் ஆகியிருந்தது. 1959இல் சேன்ட் லாரன்ஸ் நீர்வழி திறந்த பிறகு ஐரோப்பாவின் பெரிய கப்பல்கள் நேராக அந்த ஏரிகளுக்குள் வரத் தொடங்கின. சரக்கு இல்லாத கப்பல் ஆடாமல் இருப்பதற்காக அடித்தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வரும். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சரக்கு ஏற்றும். 1981இல் கனடா அரசுக்காக ஓர் ஆய்வு நடந்தது. 55 கப்பல்களின் தொட்டித் தண்ணீரைச் சோதித்ததில், உயிரோடு அந்நியப் பிராணிகள் வந்து சேர்வது தெரிந்தது. அறிக்கை போயிற்று. நடவடிக்கை வரவில்லை.

7 ஆண்டு கழித்து, 1988 ஜூன் மாதம், விண்ட்சர் பல்கலைக்கழக மாணவர்கள் சேன்ட் கிளேர் ஏரியில் இந்த மட்டியை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஈரி ஏரிக்கரையில் உள்ள மன்றோ நகரின் மின் நிலையக் கால்வாயில் ஒரு சதுர மீட்டருக்கு 7 லட்சம் வரை எண்ணினார்கள். அந்த டிசம்பரில் மட்டியும் பனிக்கட்டியும் சேர்ந்து குழாயை அடைத்ததில் மன்றோவில் இரண்டு நாளுக்கு மேல் குடிநீர் இல்லை. பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டன. 1990க்குள் ஐந்து பேரேரிகளிலும் இது வந்துவிட்டது. சிகாகோவில் 1900இல் வெட்டிய கால்வாய் மிச்சிகன் ஏரியை மிசிசிப்பி ஆற்றோடு சேர்க்கிறது. 1993க்குள் அந்த வழியாகவே நியூ ஆர்லியன்ஸ் வரை போய்விட்டது.

குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிடலாம். சரிசெய்ய முடியாத நஷ்டம் ஒன்று உண்டு. சேன்ட் கிளேர் ஏரியின் சொந்த மட்டிகளின் மேல் இவை ஆயிரக்கணக்கில் ஏறி ஒட்டிக்கொண்டன. அவற்றால் வாய் திறக்கவும் இரை எடுக்கவும் முடியவில்லை. சில ஆண்டுகளிலேயே திறந்த ஏரியில் அவை அநேகமாக அழிந்துபோயின. ஒவ்வொரு மட்டியும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 லிட்டர் நீரை வடிகட்டுவதால் ஈரி ஏரியின் தண்ணீர் தெளிந்தது. பார்த்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் தெளிந்து போனது மீன்குஞ்சுகளின் சாப்பாடு.

அமெரிக்காவில் சட்டம் 1990இல் வந்தது. கப்பல் தொட்டித் தண்ணீருக்கான உலக உடன்படிக்கை 2004இல் நிறைவேறி 2017இல்தான் அமலுக்கு வந்தது. இதே குடும்பத்து உப்புநீர் மட்டி ஒன்று 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் தென்பட்டது. அவர்கள் உடனே படகுத்துறையின் மதகை மூடி, குளோரினும் மயில்துத்தமும் கொட்டி, சில வாரத்தில் ஒன்றுகூட இல்லாமல் ஒழித்துவிட்டார்கள். உள்ளே இருந்த மற்ற மீன்களும் செத்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் துறைமுகம் பிழைத்தது.

டார்வினில் ஒழித்த அதே மட்டி நம் நாட்டில் விசாகப்பட்டினத்துக்கு 1967லேயே வந்துவிட்டது. இன்றும் இருக்கிறது. இப்போது எண்ணூரில் காக்கா ஆழி. அது வேறு குடும்பம், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கழிமுகத்தின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறாலும் நம் மட்டியும் இருக்க இடமில்லாமல் செய்கிறது. கையால் தடவி இறால் பிடிக்கிற மீனவர்கள்தான் அதை முதலில் சொன்னவர்கள். அவர்கள் பல முறை முறையிட்ட பிறகு, 2024இல் விஷயம் பசுமைத் தீர்ப்பாயத்தின் மேசைக்கு வந்தது.

மன்றோவுக்கும் எண்ணூருக்கும் நடுவில் எனக்குத் தெரிகிற ஒற்றுமை இதுதான்: தகவல் முன்னாலேயே இருந்தது, கேட்டவர் இல்லை. எண்ணூர் நமக்கு வெகுதூரமில்லை. அரியாங்குப்பம் ஆற்றிலும் தேங்காய்த்திட்டிலும் வலை போடுகிறவர்கள் உங்களில் சிலருக்கு உறவாக இருப்பார்கள். "புதுசா கருப்பா ஏதோ ஒட்டிக்கிட்டு வருது" என்று அவர்கள் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். தேதியும் இடமும் போட்டு எழுதி, மீன்வளத் துறையில் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.